திரைக்கு வராத படகுகள்

மறுநாள் கடல் தொழிலுக்குப் போகிற நாள். அதனால் மதியச் சாப்பாடு முடிந்த கையோடு விசைப்படகுக்காரர்கள் மண்டபம் ஊரின் ஐஸ் கம்பெனி முன்னால் கூடிவிட்டார்கள். எந்தப் படகுக்கு எத்தனை பார் ஐஸ்கட்டி, யார் முன்னால், யார் பின்னால் என்பதை வழக்கமாக அங்கே பொறுப்பில் இருக்கும் அண்ணன் வாய்வார்த்தையாகவே முடித்துவிடுவார். அன்றைக்கு முதல்முறையாக ஒரு கம்ப்யூட்டர் சொல்ல வேண்டும். அதற்கான மென்பொருளை எழுதியவள் நான்.

வேலை மதுரையில் ஒரு சின்ன நிறுவனத்தில். இருந்து வேலை பார்ப்பது ராமநாதபுரத்தில், என் வீட்டு மாடி அறையில். மண்டபம் கிட்டத்தில் என்பதால் நேரில் போய் நிறுவிவிட்டு வரும் பொறுப்பும் எனக்கே வந்தது. ஐஸ் கம்பெனி அலுவலகத்தில் உட்கார்ந்து, இரண்டு வேலைகளை ஒரே வரியில் சேர்த்து ஓட்டினேன். முதல் வேலை, டேட்டாபேஸில் புதிய அட்டவணைகளை உருவாக்குவது. இரண்டாவது வேலை, படகுகளின் விவரங்களை அதில் ஏற்றுவது. காலையிலிருந்து கரண்ட் போவதும் வருவதுமாக இருந்ததால் ஒரே மூச்சில் முடித்துவிடலாம் என்று நினைத்தேன். படகுகள் எல்லாம் ஏறிவிட்டன என்று திரையிலும் வந்தது.

பிறகு மென்பொருளைத் திறந்தேன். ஒரு படகு கூட இல்லை.

மூடித் திறந்தேன். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டேன். வெள்ளைத் திரை வெள்ளைத் திரையாகவே இருந்தது. ஜன்னலுக்கு வெளியே இருந்து ஒருவர் எட்டிப் பார்த்து, "என்ன தாயி, எங்க போட்டையே காணோம்? எல்லாத்தையும் கரையேத்திட்டீகளா?" என்றார். சிரிப்பு எழுந்தது. இன்னொருவர், "ஏலே, கம்ப்யூட்டரு வேலைக்கு ஒரு ஆம்பளைய அனுப்பக் கூடாதா?" என்று பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டார், எனக்குக் கேட்கட்டும் என்றுதான் கேட்டார்.

"இத எழுதுனதே நாந்தாண்ணே," என்றேன். "வேற யாரு வந்தாலும் என்கிட்டதான் கேக்கணும்."

அப்படிச் சொன்னேனே தவிர, காரணம் எனக்கும் பிடிபடவில்லை. மதுரையில் இருக்கும் எங்கள் டீம் லீடரை அழைத்தேன். அவர் பதறவில்லை. "டெஸ்ட் எல்லாத்தையும் ஒருதடவை ஓட்டிப் பாருங்க," என்றார். மென்பொருள் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று அதுவே தன்னைச் சோதித்துக்கொள்ளும் ஏற்பாடு அது. ஓட்டினேன். எல்லாம் பச்சை. ஒரு தவறும் இல்லை என்று அர்த்தம்.

"அப்ப ஸ்பீக்கர்ல போடுங்க," என்றார். போட்டேன். ஐஸ் கம்பெனி அண்ணன் குனிந்து போனுக்குக் காது கொடுத்தார்.

"சார், மென்பொருள்ல ஒண்ணும் பிரச்சனை இல்ல. நம்ம பொண்ணு அவசரத்துல ஒரு ஸ்டெப்ப மறந்துருச்சு. வேற ஒண்ணும் இல்ல."

"மறக்கல சார்," என்றேன்.

"இல்லம்மா, டென்ஷன்ல அப்படித்தான் இருக்கும். செஞ்ச மாதிரியே தோணும்."

"ரெண்டையும் ஓட்டினேன் சார். ஏறிருச்சுன்னு திரையில வந்துச்சு. நான் மறக்கல."

அவர் அதைக் காதில் வாங்காமல் அண்ணனிடம் மன்னிப்புக் கேட்டு, அடுத்த வாரம் சரியாகிவிடும் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். அண்ணன் கம்ப்யூட்டரின் மேல் ஒரு துண்டைப் போட்டுவிட்டு வெளியே போய், எப்போதும் போலத் தொண்டையைத் திறந்தார். ஆனால் கம்ப்யூட்டர் சொல்லும் என்று நம்பி எல்லோரும் ஒரே நேரத்துக்கு வந்துவிட்டதால், அன்றைக்கு அவர் தொண்டைக்கும் அடங்கவில்லை. தள்ளுமுள்ளு ஆனது. ஐஸ் அடிக்கும் மெஷின் பக்கத்தில் இரண்டு பேர் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். நான் கிளம்பிப் போயிருக்கலாம். கடைசி வண்டியில் ஐஸ் ஏறும்வரை அங்கேயே நின்றேன். ஓடிப்போனாள் என்று ஒருத்தரும் சொல்லக் கூடாது.

அந்த நாட்களில் என் அய்யா, அதாவது அப்பா, என்னோடு இருந்தார். கமுதிப் பக்கம் மிளகாய் விவசாயம். கண்புரை ஆபரேஷனுக்காக ராமநாதபுரத்துக்கு வந்தவரை, சொட்டு மருந்து முடிகிறவரை இங்கேயே இருக்கட்டும் என்று நான் பிடித்து வைத்திருந்தேன். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு என் அறையிலேயே கட்டிலில் உட்கார்ந்திருப்பார். டிவி பார்க்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால், என் ஆபீஸ் பேச்சுதான் அவருக்கு டிவி.

மறுநாள் காலை டீம் லீடர் அழைத்ததையும் அவர் முழுக்கக் கேட்டார்.

"ஐஸ் கம்பெனிக்கு நாம ஒரு ரிப்போர்ட் குடுக்கணும்மா. பெருசா ஒண்ணும் இல்ல. 'நிறுவும்போது மனிதத் தவறு, இனி நடக்காது'ன்னு ஒரு வரி நீங்க எழுதி அனுப்பிட்டாப் போதும். உங்க மேல யாரும் ஆக்‌ஷன் எடுக்கப் போறதில்ல."

"எந்த மனிதன் சார் தப்புப் பண்ணது?"

"ஏம்மா, ஒரு பேச்சுக்கு..."

"நடக்காத ஒண்ண நான் எழுத முடியாது சார். என்ன நடந்துச்சுன்னு கண்டுபிடிச்சு எழுதுறேன்."

"என் மெஷின்ல நேத்தே ஓட்டிப் பாத்துட்டேன். அதே ரெண்டு வேலை. படகெல்லாம் ஜம்முனு வருது. அப்ப தப்பு எங்க இருக்கு, நீங்களே சொல்லுங்க."

அது எனக்கு இன்னும் தெரியவில்லை. தெரியவில்லை என்பதற்காக ஒத்துக்கொள்ள முடியாது என்று மட்டும் சொன்னேன். அவர் பெருமூச்சு விட்டார். ஐஸ் கம்பெனி வேலையை வேறு ஒருவர் பார்த்துக்கொள்ளட்டும், நீங்கள் இப்போதைக்கு இன்னொரு வாடிக்கையாளரின் இணையதளத்தில் பொத்தான் நிறங்களை மாற்றிக் கொடுங்கள் என்றார். தண்டனை இல்லை என்று சொல்லிய வாயாலேயே.

போனை வைத்ததும் அய்யா கட்டிலிலிருந்து சொன்னார்: "எழுதிக் குடுத்துட்டுப் போ தாயி. ஒரு வரிதான? வேலைதான் முக்கியம்."

"நான் செய்யலய்யா."

"செய்யலன்னா என்ன? ஒருத்தன் 'நாந்தான்'னு சொல்லிட்டா சண்ட முடிஞ்சுரும்ல."

எனக்கு வந்த கோபத்தில் எத்தனையோ வருஷமாகச் சொல்லாததைச் சொல்லிவிட்டேன். நான் பள்ளிக்கூடத்தில் படித்தபோது எங்கள் ஊர்க் கண்மாய் மடையை யாரோ முறை தவறித் திறந்துவிட்டார்கள். இரண்டு தெருவுக்கும் வெட்டுக்குத்து வரும் என்ற நிலையில், அய்யா ஊர்க் கூட்டத்தில் எழுந்து, "நாந்தான் திறந்தேன், தெரியாமச் செஞ்சுட்டேன்" என்று சொல்லிவிட்டு வந்தார். மடை திறந்த அன்றைக்கு அவர் கமுதிச் சந்தையில் இருந்தார். அது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். சண்டை முடிந்தது. ஆனால் அதன்பிறகு மடையில் என்ன நடந்தாலும் முதலில் எங்கள் வீட்டு வாசலுக்குத்தான் ஆள் வரும்.

"நீங்க ஒருதடவை சொன்னீங்க. அப்பறம் எத்தன வருசம் நம்ம வாசல்ல வந்து நின்னாங்க? நானும் இத எழுதிக் குடுத்தா நாளைக்கு எது உடைஞ்சாலும் என்கிட்டதான் வருவாங்க. எழுத மாட்டேன்யா."

அய்யா கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு, "மருந்து விடுற நேரமாச்சா பாரு," என்றார். கண்ணாடியைக் கழற்றி மேலே பார்த்தார். சொட்டு விட்டேன். அவர் பேச்சை மாற்றினார் என்றுதான் அப்போது நினைத்தேன். ஆனால் அதற்குப் பிறகு ஒருதடவை கூட எழுதிக் கொடு என்று அவர் சொல்லவில்லை.

பொத்தான் நிறம் மாற்றுவது பாதி நாள் வேலை. மீதி நேரத்தில் என் மடிக்கணினியில் மண்டபத்து ஏற்பாட்டை அப்படியே திரும்பக் கட்டினேன். அதே பதிப்பு, அதே அமைப்பு.

எங்கள் தொழிலில் ஒரே மென்பொருளுக்குச் சில சூழல்கள் உண்டு. ஒவ்வொரு சூழலுக்கும் ஒரு டேட்டாபேஸ். உருவாக்குகிறவர்கள் புழங்குவது டெவலப்மெண்ட். சோதனைகளுக்கென்று இருப்பது டெஸ்ட். பொதுமக்கள் கைக்குப் போகும்போது ப்ரொடக்‌ஷன். மண்டபத்தில் நடந்தது வெள்ளோட்டம்தானே, டெவலப்மெண்ட் போதும் என்று டீம் லீடர் முடிவு செய்திருந்தார். டெஸ்ட் டேட்டாபேஸில் எதையும் சேர்த்து வைக்க முடியாது. ஒவ்வொரு முறை சோதனை ஓடும்போதும் பழையதைத் துடைத்துவிட்டுத்தான் தொடங்கும்.

நாங்கள் பயன்படுத்துகிற ஃப்ரேம்வொர்க், அதாவது மென்பொருளுக்கு அஸ்திவாரமாக நாங்கள் எடுத்துக்கொள்கிற ஆயத்தக் கட்டுமானம், உலகம் முழுக்கப் பலர் சேர்ந்து எழுதி இலவசமாகக் கொடுப்பது. டெவலப்மெண்டில் அட்டவணைகளை உருவாக்கச் சொன்னால், டெஸ்டிலும் சேர்த்தே உருவாக்கிக் கொடுத்துவிடும். ஒரு வேலையை நாம் இருமுறை செய்ய வேண்டாமே என்கிற நல்ல எண்ணம்.

இது எனக்கு முன்பே தெரியும். ஆனால் அந்த இடத்தில் நான் நின்று யோசித்ததில்லை.

சாப்பிட்டு முடித்து உட்கார்ந்த ஒரு மத்தியானத்தில், இரண்டு வேலைகளுக்கும் நடுவில் ஒரு கேள்வியை நுழைத்தேன். இப்போது நீ எந்த டேட்டாபேஸோடு பேசிக்கொண்டிருக்கிறாய்? தொடங்கும்போது கேட்டேன். டெவலப்மெண்ட் என்றது. முதல் வேலை முடிந்த பிறகு அதே கேள்வி. டெஸ்ட் என்றது.

நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தேன். முதல் வீட்டில் வேலையை முடித்துவிட்டு இரண்டாவது வீட்டுக்குப் போன ஆள், திரும்பி வர மறந்து அங்கேயே நின்றுகொண்டிருக்கிறான். அடுத்ததாக, படகுகளை இறக்கு என்று சொன்னால், நிற்கிற வீட்டிலேயே இறக்கிவிட்டு, இறக்கியாச்சு என்கிறான். டெஸ்ட் டேட்டாபேஸைத் திறந்து பார்த்தேன். நான் ஏற்றிய அத்தனை படகும் அங்கே வரிசையாக இருந்தன.

அப்படியென்றால் மண்டபத்தில்? அங்கேயும் டெஸ்டில்தான் ஏறியிருக்கிறது. உடனே அதைத் திறந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். ஆனால் டீம் லீடர் சோதனைகளை ஓட்டச் சொன்னார். நானும் ஓட்டினேன். ஓடத் தொடங்கும் முன்னே அது படகுகளை எல்லாம் துடைத்துப் போட்டுவிட்டுப் பச்சை விளக்கைக் காட்டியது. எங்கள் இரண்டு பேர் கையாலேயே தடயம் அழிந்திருக்கிறது.

"என்ன தாயி, சிரிக்கிற?" என்றார் அய்யா.

"போட்டெல்லாம் கெடச்சிருச்சுய்யா."

"எங்கன இருந்துச்சு?"

"பக்கத்து வீட்டுல."

டீம் லீடரிடம் காட்டினேன். திரையைப் பகிர்ந்து, அவர் கண் முன்னால் மூன்று முறை ஓட்டினேன். அவர் மெஷினில் இந்தத் தப்பு ஏன் வரவில்லை என்பதும் அப்போதே தெரிந்துபோனது. அவர் இரண்டு வேலைகளையும் தனித்தனியாக ஓட்டுகிறவர். தனியாக ஓட்டினால் ஒவ்வொன்றும் புதிதாக, சரியான இடத்திலிருந்து தொடங்கும். சேர்த்து ஓட்டினால்தான் இது வரும்.

"சரி. ஆனா தனித்தனியா ஓட்டியிருந்தா இது வந்திருக்காதுல்ல?" என்றார்.

"சேத்து ஓட்டலாம்னு ஃப்ரேம்வொர்க்கோட கையேட்டுலயே போட்டிருக்கு சார். நான் அதப் பாத்துத்தான் ஓட்டினேன். இதுல உங்க மேலயும் தப்பு இல்ல, என் மேலயும் தப்பு இல்ல. அந்தக் கோட்லதான் தப்பு."

"அவ்வளவு பேரு எழுதுற கோடும்மா அது. அதுல தப்பு இருந்தா இத்தன நாளா யாருக்கும் தெரியாமலா இருக்கும்?"

"தெரிஞ்சவங்களும் நம்மதான் ஒரு ஸ்டெப்ப மறந்துட்டோம்னு நெனச்சுக்கிட்டுப் போயிருப்பாங்க சார்."

நான் கேட்டதாகவும் அவர் அனுமதி கொடுத்ததாகவும் வைத்துக்கொண்டு, திருத்தத்தை எழுதினேன். எல்லாச் சூழல்களையும் சுற்றி முடித்த பிறகு, தொடங்கிய இடத்துக்கே திரும்பி வா. மொத்தத்தில் ஒரு வரி. அது சரிதான் என்று காட்ட ஒரு சோதனையும் எழுதி, அந்த ஃப்ரேம்வொர்க்கைப் பராமரிக்கிறவர்களுக்கு அனுப்பினேன். யார் வேண்டுமானாலும் அப்படி அனுப்பலாம். எடுத்துக்கொள்வதும் தள்ளுவதும் அவர்கள் விருப்பம்.

மறுநாளே பதில் வந்துவிட்டது. அது அப்படித்தான் இயங்கும், கட்டளைகளைத் தனித்தனியாக ஓட்டுங்கள் என்று இரண்டு வரி. கீழே, மூடப்பட்டது என்ற முத்திரை.

என் ஆங்கிலம் பாடப்புத்தக ஆங்கிலம். முகம் தெரியாத வெளிநாட்டுக்காரர்களோடு அதில் மல்லுக்கட்ட வேண்டுமா என்று ஒரு கணம் தயங்கினேன். அப்புறம் எழுதினேன். உங்கள் கையேடே இரண்டையும் ஒரே வரியில் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறது. அந்தப் பக்கத்தை எடுத்துவிடுங்கள், அல்லது இதைத் திருத்துங்கள். இரண்டில் ஒன்றைச் செய்யாமல் மூடுவதை நான் ஏற்கவில்லை. என் சோதனையை உங்கள் மெஷினிலேயே ஓட்டிப் பாருங்கள், திருத்தம் இல்லாமல் தோற்கும்.

என்னோடு வேலை பார்க்கும் தோழி அதைப் படித்துவிட்டு அழைத்தாள். "ஏன்டி, பெரிய ஆளுங்கடி அவங்க. கொஞ்சம் பணிவா எழுதக் கூடாதா?"

"பணிவாத்தான் எழுதியிருக்கேன். 'ப்ளீஸ்' போட்டிருக்கேன் பாரு."

சில நாள் எந்தப் பதிலும் இல்லை. அய்யா தினமும் காலையில், "வெள்ளக்காரன் என்ன சொல்றான்?" என்று கேட்பார். வெள்ளைக்காரனா வேறு யாருமா என்றே தெரியாது என்று நானும் தினமும் சொல்வேன். பிறகு பராமரிப்பாளர்களில் வேறொருவர் எழுதினார். சோதனையை ஓட்டிப் பார்த்ததாகவும், நான் சொல்வது சரி என்றும், மூடியதைத் திறந்துவிட்டதாகவும் இருந்தது. கூடவே ஒரு கேள்வி: பாதியில் பிழை வந்து வேலை நின்றுபோனால், உங்கள் வரிக்கு அது வரவே வராதே, அப்போது எங்கே நிற்கும்?

சுருக்கென்றது. நான் அதை யோசிக்கவே இல்லை. அப்போதும் அது டெஸ்டிலேயேதான் நிற்கும். மறுப்பு வந்தால் சண்டை போடத் தயாராக இருந்தவளுக்கு இது வேறு மாதிரி இருந்தது. அவர் என் வேலையை மதித்துக் கேட்ட கேள்வி. இரண்டு நாள் உட்கார்ந்து, வேலை முடிந்தாலும் முறிந்தாலும் திரும்பி வரும்படி மாற்றி எழுதினேன். இதே போலச் சூழல்களைச் சுற்றிவரும் இன்னொரு வேலையிலும் அதே ஓட்டை இருந்தது. அதையும் அடைத்து அனுப்பினேன். ஏற்றுக்கொண்டார்கள். முதலில் மூடியவரே கீழே ஒரு நன்றியும் எழுதியிருந்தார்.

அய்யாவிடம் சொன்னேன். "அப்ப ஒன் பேரு அதுல இருக்குமா?" என்றார். இருக்கும் என்றேன். "நல்லாப் பாத்துக்க, எழுத்து மாறிப் போட்ரப் போறான்," என்றார்.

புதிய பதிப்பு வெளிவந்ததும் டீம் லீடர் அழைத்தார். "அந்த ஃபிக்ஸ் வந்துருச்சும்மா. மண்டபத்துல ஏத்திருங்க. வெள்ளோட்டம் மறுபடி வைக்கலாம்." பொத்தான் நிறம் பற்றிப் பேச்சே இல்லை.

"ஏத்துறேன் சார். அதுக்கு முன்னாடி ஐஸ் கம்பெனிக்குப் போன் பண்ணி, அன்னைக்கு நான் ஸ்டெப்ப மறக்கலன்னு சொல்லிருங்க."

"முடிஞ்ச கதைம்மா. டெக்னிக்கல் இஷ்யூன்னு ரிப்போர்ட்ல போட்டாச்சு. அவரே மறந்திருப்பாரு."

"அவரு மறந்திருக்கலாம் சார். அத்தன பேரு முன்னாடி சொன்னீங்க. நீங்க சொல்லலன்னா நான் சொல்லிக்கிறேன்."

அவர் சொல்லவில்லை. நான் போனேன்.

ஐஸ் கம்பெனி வாசலில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அண்ணன் அலுவலகத்தில் தனியாக இருந்தார். படகுக்காரர்கள் வரும்வரை காத்திருந்தேன். ஜன்னல் பக்கம் ஆள் கூடியதும், அவர்களுக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னேன்: "அண்ணே, போன தடவை போட்டு வராமப் போனதுக்குக் காரணம் கண்டுபிடிச்சாச்சு. நாங்க வெளிய இருந்து எடுத்துப் போட்ட கோட்லயே தப்பு இருந்துச்சு. நான் எதையும் மறக்கல. அந்தத் தப்ப இப்ப நாந்தான் சரி பண்ணியிருக்கேன்."

"யாரு தப்புன்னு எனக்கு எதுக்கும்மா? இன்னைக்கு ஓடுமா, அதச் சொல்லு."

"ஓடும். ஓடுறதுக்கு முன்னாடி இத நீங்க கேட்டுக்கணும்னுதான் சொல்றேன்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "நீதான் அன்னைக்கே மறக்கல மறக்கலன்னு ரெண்டு தடவை சொன்னியேம்மா. நான் கேட்டுக்கிட்டுத்தான இருந்தேன்," என்றார். நான் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினேன்.

இரண்டு வேலைகளையும் சேர்த்தேதான் ஓட்டினேன். தனித்தனியாக ஓட்டியிருந்தாலும் வந்திருக்கும், ஆனால் எனக்கு மனம் வரவில்லை. படகுகள் திரையில் வந்தன. ஒரே பெயரில் இரண்டு படகு இருந்ததால் எது யாருடையது என்று கொஞ்ச நேரம் சத்தம் வந்தது. ஐஸ் பாதி தூளாக அடித்துக் கொடுத்துவிட்டார்கள் என்று ஒருவர் கத்தினார். கம்ப்யூட்டரைக் குறை சொல்லி ஒரு பேச்சும் இல்லை. அண்ணன், "இன்ஷா அல்லா, இனி என் தொண்டைக்கு ரெஸ்ட்டு," என்று சொல்லி ஒரு டீ வரவழைத்துக் கொடுத்தார்.

பஸ்ஸுக்கு நிற்கும்போது டீம் லீடர் அழைத்தார். எல்லாம் நல்லபடியாக நடந்ததா என்று கேட்டுவிட்டு, மாரியூர்ப் பக்கத்தில் இன்னொரு ஐஸ் கம்பெனிக்காரர் இதே மென்பொருளைக் கேட்கிறார் என்றார். "அதையும் நீங்களே பாத்துருங்க. வெள்ளோட்டம்தான், டெவலப்மெண்ட்லயே வச்சிருவோமா?"

"வேணாம் சார். ப்ரொடக்‌ஷன்லயே வைக்கிறேன். அப்பறம் ஒண்ணு. அங்கனயும் ஏதாவது உடையும், உடையாம இருக்காது. அப்ப என்ன நடந்துச்சுன்னு முதல்ல என்கிட்டக் கேளுங்க. அதுக்கப்பறம் அவங்ககிட்டப் பேசுங்க."

அவர் அதைத் திரும்பச் சொல்லிப் பார்த்தார்: "முதல்ல உங்ககிட்ட. அப்பறம் அவங்ககிட்ட."

"சரிம்மா," என்றார்.

ராமநாதபுரம் பஸ் வந்தது. ஏறினேன்.